மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டு சொல்லிவிடும் மூன்று எழுத்துகள் நம் நாட்டில் உண்டு. எங்கள் காலாப்பட்டுக் கடற்கரையில் விடியற்காலையில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு புறப்படும் சிறு வண்டியின் மீது அவை இருக்கின்றன. லாரியின் பின்புறத்திலும், உதிரிப் பாகம் விற்கும் கடையின் பலகையிலும் இருக்கின்றன. டி.வி.எஸ். என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டேன். ஒன்பது பேர் வண்டி என்றார்கள். ஒருவர் கம்பெனி என்றார். அது ஒரு மனிதரின் பெயர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நண்பர்களே, அது ஒரு மனிதரின் பெயர்தான். ‘டி’ என்பது திருக்குறுங்குடி என்னும் ஊர். ‘வி’ என்பது வேங்கரம், தந்தையின் பெயர். ‘எஸ்’ என்பது சுந்தரம். ஊரையும் தகப்பனாரையும் முன்னால் நிறுத்திவிட்டுத் தாம் மூன்றாவதாக நின்றுகொண்ட பழைய தமிழ்நாட்டு வழக்கம் அது. அந்த வழக்கமே அவரை மறைத்தும் விட்டது!

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய வண்டிகளில் அழகுக்காக வைத்ததுபோலத் தோன்றும் உறுப்புகள் உண்மையில் எதற்காக வைக்கப்பட்டன என்பதில் எனக்கு நெடுநாளாக ஆர்வம் உண்டு. என் தந்தையார் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரவேலை செய்பவர். வண்டியில் வேலை செய்யாத தகடு ஒன்றுகூடக் கிடையாது என்பது அவருடைய கட்சி. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தென்னாட்டில் நம்மை வந்து சேர்ப்பது மதுரையில், திரு. சுந்தரம் ஐயங்கார் அவர்களின் பஸ் கொட்டகையில்தான்.

அவர் பிறந்தது 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள். திருக்குறுங்குடி நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். நம்பி கோயிலால் பெயர் பெற்றது. மலையும் வயலும் கோயிலும் சூழ்ந்த அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அக்காலத்தில் திறந்திருந்த வழிகள் சிலவே. சட்டம் படிக்கலாம், அரசாங்க உத்தியோகம் பார்க்கலாம். அவர் இரண்டையும் பார்த்தார். வழக்கறிஞர் தொழிலில் தொடங்கினார். பிறகு இரயில்வேயில் வேலை பார்த்தார். அதற்கும் பிறகு ஒரு வங்கியில் இருந்தார். மூன்றையும் விட்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் எனக்காகக் காணும் கனவுக்கு ஒரே வடிவம்தான் உண்டு. அது மாதம் முடிந்தால் சம்பளம் தரும் அரசு வேலை. இரயில்வே வேலையை ஒருவர் தாமாகவே விட்டார் என்று வீட்டில் சொன்னபோது, அவருக்கு அப்போது உடம்பு சரியில்லையா என்று என் தாயார் கேட்டார்! சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலையை விட்டபோது சுந்தரம் ஐயங்கார் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆங்கிலப் படிப்பு இருந்தது. சட்ட அறிவு இருந்தது. கீழே விழுந்தால் ஏந்திக்கொள்ள ஒரு சமூகம் இருந்தது. அவர் துணிவைப் புகழ்ந்து, எல்லாரும் அவ்வாறே துணியலாம் என்று மேடையில் பேசுவது எளிது. விழுந்தால் ஏந்த ஆள் இல்லாதவனுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. இதை ஒப்புக்கொண்டுதான் நான் அவரை வியக்கிறேன். எல்லாம் இருந்தும் துணியாதவர்களே அக்காலத்தில் அதிகம் அல்லவா?

1912ஆம் ஆண்டு அவர் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்ட நிகழ்ச்சி என்று அதைக் குறிப்பிடுவார்கள். அன்றைய சாலையை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தார் கிடையாது. கப்பிக்கல்லும் செம்மண்ணும்தான். இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிச் சக்கரங்கள் அறுத்துவிட்ட தடங்கள். மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. புதுச்சேரியின் வீதிகளில் அந்நாளில் ‘புஷ்புஷ்’ வண்டிகள் ஓடின. பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு வருவார். முன்னால் அமர்ந்திருக்கும் பயணியின் கையில் வளைந்த ஒரு கைப்பிடி இருக்கும். பழைய படங்களைப் பார்ப்பவர்கள் அதைச் சாய்மானம் என்றோ அலங்காரம் என்றோ எண்ணுவார்கள். அதுதான் வண்டியைத் திருப்பும் கோல்! தள்ளுபவருக்கு வழி தெரியாது. உட்கார்ந்திருப்பவரே ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் வந்தது மோட்டார்ப் பஸ்.

அக்கால மோட்டார் வண்டி ஒன்றின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் தந்தையாரின் கட்சியைச் சோதித்துப் பார்த்தேன். மூக்கின் உச்சியில், ரேடியேட்டர் மூடியின்மேல், சிறகு விரித்தாற்போல ஒரு வட்டப் பதக்கம். சிலை போலத்தான் இருக்கிறது. பல வண்டிகளில் அது ஒரு வெப்பமானி. ஓட்டுநரின் முன்னே இன்றைக்கு இருப்பதுபோலக் கருவிப் பலகை இல்லாத நாளில், தண்ணீர் கொதிக்கிறதா என்பதை இருக்கையில் இருந்தபடியே கண்ணாடிக்கு வெளியே பார்த்து அறிந்துகொள்ள அமெரிக்காவில் பாய்ஸ் என்பவரின் பெயரால் வந்த கருவி. நீருக்கு மேலே உள்ள ஆவியின் வெப்பத்தைக் காட்டும். பானட்டின் பக்கவாட்டில் மீன் செதில் போல வரிசையாக வெட்டி மடித்த தகடுகள். அவை எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் வழிகள். தகட்டை மடித்திருப்பதால் மழைத் தண்ணீர் உள்ளே போகாது, தகடும் விறைப்பாகும். ஒரு மடிப்பில் இரண்டு வேலை. ஜன்னலுக்கு மேலே சுருட்டிக் கட்டிய தார்ப்பாய், திருவிழாத் தோரணம் போலிருக்கும். கண்ணாடி இல்லாத பஸ்ஸுக்கு அதுவே கதவு. பக்கவாட்டில் நீளமாக ஓடும் பீடிங், இரண்டு தகடுகள் சேரும் இடத்தை மூடி, ஆணித் தலைகளை மறைத்து, ஒழுகும் நீரையும் திருப்பிவிடும். மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமும் அடிப்பதில்கூடக் கணக்கு இருக்கிறது. கீழ்த்தகடுதான் கல் பட்டு நசுங்குவது. அதை மட்டும் சரிசெய்து மீண்டும் வண்ணம் அடித்தால் போதும். பீடிங்கே எல்லைக் கோடு ஆகிவிடுவதால் ஒட்டு வேலை வெளியே தெரியாது. இந்தக் கடைசிச் செய்தி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததன்று, தந்தையார் சொன்னது.

வெளிநாட்டு வண்டிகளிலும் இதே கதைதான். 1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எங்கள் ஊருக்கு அருகே ஆரோவில் தொடங்கப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்கு வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் போரும் மூளும் வரையில் அந்தப் பாதை திறந்திருந்தது. அவர்களில் பலர் வந்தது படுக்கையும் அடுப்பும் வைத்த வோக்ஸ்வாகன் வேன்களில். டச்சுக்காரரான பென் பான் 1947இல் குறிப்பேட்டில் வரைந்த படத்திலிருந்து பிறந்த வண்டி அது. 1950 முதல் தயாரிக்கப்பட்டது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் ஜெர்மானிய நிறுவனம் அதற்குள் வீட்டுச் சாமான்களைப் பொருத்தித் தரத் தொடங்கியது. அதன் பின்பக்கத் தோள்களில் மீனின் செவுள் போல வெட்டுகள் இருக்கும். அழகுக்கு வைத்ததாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். எஞ்சின் பின்னால் இருக்கிறது. அதில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின். அந்தச் செவுளை அடைத்தால் வண்டிக்கு மூச்சு நின்றுவிடும். கூரையைத் தூக்கினால் விரியும் கோடு போட்ட துணி, நிமிர்ந்து நிற்க இடமும் இரவில் காற்றும் தருவது. கூரை ஓரத்தில் வரிசையாகச் சிறு கண்ணாடிகள் வைத்த வகையும் உண்டு. ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களை உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பதற்காக வைத்தது. இது மட்டும் அழகுக்குத்தான் என்று வாதாடலாம். ஆனால், மலையைக் காட்டுவதுதானே சுற்றுலா வண்டியின் வேலை?

மதுரைக்குத் திரும்புவோம். சுந்தரம் ஐயங்கார் பஸ் கட்டும் கலையைக் கண்டுபிடித்தவர் அல்லர். மேலே சொன்ன செதிலும் பதக்கமும் வெளிநாட்டிலிருந்து வண்டியோடு வந்தவை. அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி இந்தச் சாலையில், இந்தப் புழுதியில், இந்த மக்களுக்காக ஓட வேண்டுமானால் அதில் இன்னும் என்ன சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். அவர் சேர்த்தவை பார்வைக்கு விசித்திரமாகவே இருந்தன.

முதலாவது, காந்தம். அந்நாளில் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அடித்த லாடத்தின் ஆணிகள் சாலையெங்கும் சிந்திக் கிடக்கும். காற்று நிரப்பிய ரப்பர் டயருக்கு அவை எமன். வழிநெடுகப் பஞ்சர் ஆகும் வண்டி எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே, ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டார் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் காந்தத்தையும் ஆணியையும் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தூரம் சற்றே கூடினாலும் ஈர்ப்பு வெகுவேகமாகக் குறைந்துவிடும். எனவே, அத்தகைய காந்தம் தரையை ஏறக்குறைய உரசிக்கொண்டு தொங்கினால்தான் பயன். சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு வண்டியின் வயிற்றில் ஏதோ ஆபரணம் தொங்குவது போலத் தோன்றியிருக்கும். யாரும் கேட்காமல், டிக்கெட்டும் வாங்காமல், சாலையைப் பெருக்கிக்கொண்டு போகும் வண்டி! அதன் பயனை மாட்டுவண்டிக்காரரும் சைக்கிள்காரரும்கூட அனுபவித்திருப்பார்கள். தன் டயருக்காகச் செய்த காரியம் ஊர்க்காரியமாகவும் ஆயிற்று.

அதன் விளைவு நேரம். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தோம் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. இதைக் கதை என்று தள்ளுபவர்கள் தள்ளட்டும். காலாப்பட்டிலிருந்து நகரத்துக்குக் காலை வகுப்புக்கு வரும் மாணவர்கள் யாரும் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவையானது. வேதியியல் துறை நண்பர்கள் அனுமதித்தால் நானே சொல்லிவிடுகிறேன். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளை நம்பியிருந்த இந்தியாவில் பெட்ரோல் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. இருக்கும் பெட்ரோல் எல்லாம் போருக்கு. பஸ்கள் நின்றன. அறுபது வயதைக் கடந்திருந்த சுந்தரம் ஐயங்கார் அப்போது ஓய்ந்து உட்காரவில்லை. பெட்ரோலுக்குப் பதிலாக அடுப்புக்கரியால் வண்டியை ஓட்டும் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்னும் கலனை வடிவமைத்துத் தயாரித்தார். சென்னை மாகாணத்துச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின.

தத்துவம் இவருடையது அன்று. பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில் ஜார்ஜ் இம்பேர் என்பவர் 1920களிலேயே விறகிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டும் கலனைச் செய்திருந்தார். போர்க்காலத்தில் ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வண்டிகள் அவ்வகை வாயுவில் ஓடின. இந்தக் கலன்கள் வேலை செய்யும் விதம் எளியது. உயரமான இரும்பு உருளையில் கரியை நிரப்பி, அடியில் மட்டும் நெருப்பு வைத்து, அளவாகக் காற்று விடவேண்டும். முதலில் கரி எரிந்து கரியமில வாயு உண்டாகும். அந்த வாயு மேலே உள்ள தணல் அடுக்கின் ஊடே போகும்போது இன்னொரு பங்கு கரியைப் பறித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். அது எரியும் வாயு. கொஞ்சம் நீராவியும் சேர்த்தால் ஹைட்ரஜனும் கிடைக்கும். ஆனால், காற்றிலிருந்து வந்த நைட்ரஜன், வேலை செய்யாத விருந்தாளி போல, பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டு கூடவே வரும். அதனால்தான் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்துபோகும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடந்த கதைகள் இதனால் பிறந்தவைதாம்.

கரி பஸ்ஸின் தோற்றத்தை எண்ணிப் பாருங்கள். பின்புறத்தில் கோயில் உண்டியல் போல ஓர் உருளை. அதிலிருந்து மடங்கி மடங்கி ஓடும் குழாய்கள். எஞ்சினுக்கு அருகே டின் போல இன்னொரு பெட்டி. கைச்சுற்று வைத்த ஒரு சிறு விசிறி. விவரம் தெரியாதவர் பார்த்தால் யாரோ பித்துப்பிடித்த கலைஞன் பஸ்ஸுக்கு நகை பூட்டியிருக்கிறான் என்பார். குழாய் மடங்கி ஓடுவது வாயுவைக் குளிர்விக்க. குளிர்ந்த வாயு சுருங்கும், ஒரே சிலிண்டருக்குள் அதிக வாயு அடங்கும். டின் பெட்டி சாம்பலையும் புகைக்கரியையும் வடிகட்ட. இல்லையேல் சிலிண்டர் தேய்ந்துபோகும். விசிறி காலையில் நெருப்பை ஊதி எழுப்ப. அதைச் சுற்றுவது கிளீனர் பையனின் வேலை. பஸ் புறப்படுவதற்கு வெகுமுன்னே எழுந்து, கரியைக் கொட்டி, புகையில் கண் எரிய அவன் சுற்றியிருப்பான். அந்த வாயு நஞ்சு. மூடிய கொட்டகைக்குள் அதோடு விளையாடக் கூடாது. வரலாறு முதலாளியின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. விசிறி சுற்றிய பையன்களின் பெயர்கள் எங்கும் இல்லை. பட்டறைத் தொழிலாளியின் மகனாகிய நான் இந்த வரியை எழுதாமல் போனால் வீட்டில் சோறு இறங்காது.

டயருக்கும் போர்க்காலத்தில் பஞ்சம். ரப்பர் விளைந்த மலேயாவும் ஜப்பானியரிடம். தேய்ந்த டயரை எறியாமல் மேலே புதிய ரப்பர்ப் பட்டை ஏற்றி மீண்டும் ஓட்டும் ரீட்ரெடிங் தொழிலில் அவர் நிறுவிய தொழிற்சாலைக்கு இருந்த மதிப்பை இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தப் பட்டையில் வெட்டும் வரிகளும் கோலம் போட்டதல்ல. மழைநீரைப் பிதுக்கி வெளியேற்றிச் சாலையைப் பிடித்துக்கொள்வதற்கான கால்வாய்கள். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ், லாரிப் போக்குவரத்துக்குச் சதர்ன் ரோட்வேஸ் என்று தொழில் கிளைவிட்டது. ஐம்பதுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் சுந்தரம் மோட்டார்ஸ் நாட்டிலேயே பெரிய நிறுவனமாக விளங்கியது. இவற்றை ஒவ்வொன்றாக விவரித்தால் கம்பெனி அறிக்கை ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

அவர் இல்லத்தில் நடந்த ஒன்றை மட்டும் விடமுடியாது. அவருடைய மகள் சௌந்தரம். 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் முடித்துக் கொடுத்தார்கள். மருத்துவரான கணவர் 1925இல் இறந்துபோனார். அந்நாளில் அந்தச் சமூகத்தில் இளம் விதவைக்கு வீட்டின் ஒரு மூலைதான் உலகம். சுந்தரம் ஐயங்காரும் அவர் துணைவியாரும் அந்த மூலையை மகளுக்குக் கொடுக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள். தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் அவர் மருத்துவர் ஆனார். படிக்கும்போது சுசீலா நய்யாரின் நட்பும், அதன் வழியே காந்தியடிகளின் தொடர்பும் ஏற்பட்டன.

ஆனால், அதோடு நிற்கவில்லை. சௌந்தரம் அம்மையார், காந்தியத் தொண்டரும் கேரளத்தவருமான ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவை மணம், அதிலும் கலப்பு மணம். பெற்றோர் இசையவில்லை. சாலையில் யாரும் செய்யாததைச் செய்த மனிதர், வீட்டு வாசலில் வந்தபோது தயங்கினார். 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது. பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய இடங்களைத் தாண்டிப் போவது நம் வழக்கம். நான் தாண்ட விரும்பவில்லை. 1925க்குப் பிறகு மகளுக்குப் படிப்பைக் கொடுத்தவரும் அவரே; அந்தப் படிப்பு மகளுக்குக் கொடுத்த சுதந்திரத்தை ஏற்க முடியாமல் நின்றவரும் அவரே. முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் கல்லூரி மாணவியர் பலருடைய வீட்டில் இதே நாடகம் இன்றும் நடக்கிறது. படிக்க அனுப்பும் தகப்பனார் கெட்டவர் அல்லர். படித்தபின் மகள் போகும் தூரம் அவர் கணக்கில் இருந்ததில்லை.

அந்தத் தம்பதியர்தாம் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார்கள். மருத்துவமனை, பள்ளி, கிராமத் தொழில்கள் என்று வளர்ந்த அதன் கிராமியப் பயிற்சி நிறுவனம் 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சௌந்தரம் அம்மையார் 1962இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். 1984இல் மறைந்தார். தந்தை பெயர் வண்டியில் இருக்கிறது. மகள் பெயர் மக்கள் நெஞ்சில் இருக்க வேண்டியது. காந்திகிராமம் போய்வந்த நம் நாட்டுநலப்பணித் திட்ட நண்பர்கள் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினால் அடுத்த மலருக்கு அணியாக இருக்கும்.

இனி என் தந்தையாரின் கட்சியில் எனக்கு உள்ள ஒரே கருத்து வேற்றுமை. வண்டியில் வேலை செய்யாத தகடே கிடையாது என்கிறார் அவர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஓட்டுநர் எலுமிச்சம்பழம் கட்டுகிறார். கண்ணாடி மேலே குஞ்சம் தொங்கவிடுகிறார். லாரியின் முதுகில் மயிலும் தாமரையும் எழுதச் சொல்கிறார். இவற்றுக்கு இயந்திரக் காரணம் கிடையாது. இரவு முழுதும் தனியாக ஓட்டுபவருக்கு அவை துணை. அதுவும் ஒரு வேலைதான் என்று தந்தையார் விடாமல் சொல்கிறார். இந்த வழக்கு வீட்டில் இன்னும் தீரவில்லை. ஆனால், ஒன்று உண்மை. நம் பாடநூலில் வெப்பம் ஒரு பாடம், காந்தம் ஒரு பாடம், வாயுக்கள் ஒரு பாடம். தேர்வு முடிந்ததும் மூன்றையும் மூன்று பைகளில் கட்டி வைத்துவிடுகிறோம். சுந்தரம் ஐயங்காரின் கொட்டகையில் மூன்றும் ஒரே பஸ்ஸின்மேல் இருந்தன. அந்தக் கொட்டகையில் நின்று கேள்வி கேட்கும் உரிமை பட்டறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மற்றவரைவிட அதிகம் என்று எண்ணுகிறேன். பட்டம் வாங்கியபின் கையில் கிரீஸ் படுவதை இழிவாகக் கருதினால் அந்த உரிமை போய்விடும். அரசு வேலை கிடைத்தாலும் இதை நான் மறக்கக் கூடாது என்றுதான் இங்கே அச்சில் ஏற்றுகிறேன்.

பிற்காலத்தில் அவர் பொறுப்புகளைப் புதல்வர்களிடம் கொடுத்துவிட்டார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. பிரெஞ்சுக் கொடி புதுச்சேரியிலிருந்து இறங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மீன் கூடை சுமக்கும் அந்தச் சிறு வண்டியை அவர் பார்த்ததே இல்லை. ஓசூரிலிருந்து அது முதன்முதலில் வெளிவந்தது 1980இல். அவர் தொடங்கிய பஸ்களோ 1972இல் நாட்டுடைமையாயின. மதுரையில் அவற்றைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் இருந்த மூன்றெழுத்தின்மேல் புது வண்ணம் அடித்தார்கள். எந்தப் பெயிண்டரின் கை அந்த எழுத்துகளை அழித்ததோ, தெரியாது. பீடிங்குக்கு மேலே அடித்தாரா கீழே அடித்தாரா என்று என் தந்தையார் கேட்கிறார்.